மோட்டார் ரூம் பார்த்த கிழக்கு

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலைக் கண்டுபிடிப்பதில்லை. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் பேருந்தில் ஏறி, பாதி வழியில் இறங்கி, மண்பாதையில் நடந்து வந்து கேட்டைத் திறந்தால் எதிரே நிற்பது வீட்டின் ஒரு மூலை. கப்பலின் முன்பக்கம் மாதிரி கூராக, வந்தவரை இடிக்க வருவதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். வாசற்படி அதற்கு அப்பால், தெற்கே யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி நிற்கும். கூரியர்காரர் ஒருவர் வாசலைத் தேடி அலுத்து, கடைசியில் குளியலறை சன்னல் வழியாக என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். என் கை மட்டும்தான் அப்போது வெளியே நீட்டும் நிலையில் இருந்தது.

வடக்கே, பக்கத்து மனையில் என் தங்கையின் வீடு. அது எங்கள் வீடு தெற்கே திரும்பிய அளவுக்கு வடக்கே திரும்பியிருக்கும். சாலையிலிருந்து பார்த்தால் சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பேர். இருவருக்கும் நடுவே பொதுவான மோட்டார் ரூம், பஞ்சாயத்துக்கு வந்துவிட்டுப் பேச வாய்ப்பே கிடைக்காத ஆள் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நிற்கும்.

இது நவீனக் கட்டடக் கலை அல்ல. நான் புவியியல் ஆசிரியராக இருப்பதால் வந்த விளைவு.

இடம் அப்பா வேர்க்கடலை பயிரிட்ட மல்லாட்டைக் கொல்லை. நான்கு பக்கமும் வரப்பு, ஒரு வரப்பும் நேர் கிடையாது. தெற்குப் பாதி எனக்கு, வடக்குப் பாதி தங்கைக்கு என்று பிரித்துக்கொண்டோம். முதலில் தண்ணீருக்கு போர் போட்டோம். அது புரட்டாசி முதல் வாரம். போருக்குப் பக்கத்தில் ஆறடிக்கு ஆறடியில் மோட்டார் ரூம் கட்ட ஒலக்கூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் வந்தார். அவருக்கு ஒரு பழக்கம். எதைக் கட்டினாலும் விடியற்காலையில் வந்து நின்று, சூரியன் தலையை நீட்டியதும் அதைப் பார்த்து நூல் பிடித்து முளை அடிப்பார். அதுதான் அவருக்குக் கிழக்கு. மோட்டாருக்குக் கிழக்கு எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. கொல்லையின் கோடியில் ஒற்றைப் பனைமரம் ஒன்று உண்டு. மோட்டார் ரூம் கதவு அதைப் பார்த்து அமைந்தது.

அடுத்து என் வீடு. வாஸ்து புருஷன் வருடத்தில் எட்டு நாட்கள் மட்டும் கண் விழிப்பார், அதுவும் ஒன்றரை மணி நேரம். எழுந்து பல் தேய்ப்பார், குளிப்பார், பூசை செய்வார், சாப்பிடுவார், வெற்றிலை போடுவார், மறுபடி படுத்துவிடுவார். அரசுச் சம்பளம் வாங்குகிற எனக்கு இந்த அட்டவணையில் எந்தக் குறையும் தெரியவில்லை. எங்களுக்கு வாய்த்தது கார்த்திகை எட்டாம் தேதி. மழை விட்டு, வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"கிழக்கு கரெக்டா இருக்கணும், சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

மூன்று செல்போன்களில் திசைகாட்டி பார்த்தோம். மூன்றும் மூன்று கிழக்கைக் காட்டின. என்னுடையது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மனம் மாறியது. வேலைக்காக இறக்கியிருந்த கம்பிக் கட்டுகளின் மேல் போன்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதும், இரும்புக்குப் பக்கத்தில் காந்த ஊசி நிதானம் இழக்கும் என்பதும் எட்டாம் வகுப்புப் பாடம். நான் நடத்துவது பத்தாம் வகுப்பு.

"போனு பொய் சொல்லும் சார். சூரியன் பொய் சொல்லுமா?" என்றார் மேஸ்திரி. இந்த வாதத்தில் பிழை எதுவும் எனக்குப் படவில்லை. அன்று சூரியன் தெற்கே தள்ளி, செல்போன் கோபுரத்தின் மேல் எழுந்தது. நூல் பிடித்தார். முளை அடித்தார். தள்ளி நின்று பார்த்தபோது புது நூலும் மோட்டார் ரூம் சுவரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

"என்ன மேஸ்திரி, மோட்டார் ரூமைக் கோணலாக் கட்டி வச்சிருக்கீங்க?" என்று எல்லார் எதிரிலும் கடிந்துகொண்டேன். மனைவியும் சேர்ந்து கடிந்துகொண்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "அது மோட்டார்தானே சார், அதுக்கு இன்னா ஜாதகமா பாக்கப்போறாங்க? வுடுங்க" என்றார்.

ஒன்றரை வருடம் கழித்துத் தங்கை வீடு தொடங்கியது. அவள் விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலைமைச் செவிலி. அவள் 'கையை நீட்டு' என்றால் நோயாளியோடு கூட வந்தவரும் கையை நீட்டுவார். வைகாசி இருபத்தொன்று அன்று அதே மேஸ்திரி, அதே நூல், அதே சூரியன். ஆனால் இந்தத் தடவை சூரியன் வடக்கே தள்ளி, அரிசி ஆலைப் புகைபோக்கிக்கு மேல் எழுந்தது. நூல் அந்தப் பக்கம் ஓடியது. ஐயர் உட்கார்ந்துவிட்டார். தங்கையின் மாமியார் வீட்டார் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். நான் என் வீட்டைப் பார்த்தேன். நூலைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"நிறுத்துங்க. இது கோணல்."

"எது சார் கோணல்? சூரியன் அங்கதானே இருக்குது" என்றார் மேஸ்திரி.

"என் வீட்டைப் பாருங்க. அது கிழக்கு. இது வடகிழக்கு."

"உனக்கு ஒரு சூரியன், எனக்கு ஒரு சூரியனாண்ணா?" என்றாள் தங்கை. அப்போது குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"அடிப்படையே தெரியாமப் பேசாதே. நான் இருபது வருஷமா இதைத்தான் நடத்திக்கிட்டிருக்கேன்" என்றேன்.

தங்கையின் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா கூடப்பொறந்தவரே கோணல்னு வாயால சொல்லிட்டாரே. படிச்சவரு வேற." ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வாஸ்து புருஷன் சாப்பிட்டுவிட்டார், வெற்றிலைக்கு வந்துவிட்டார், எந்தக் கிழக்கானாலும் சரி சீக்கிரம் முடிவு செய்யுங்கள் என்றார். தங்கை மேஸ்திரியிடம் "நீங்க போடுங்க" என்றாள். பிறகு என்னிடம் வந்து, ஊசி போடும் முன் பேசுகிற தணிந்த குரலில் சொன்னாள்:

"இனிமே என் வீட்டு விஷயத்துல நீ வாயத் தொறக்காத. பால் காய்ச்சற அன்னிக்கும் சேத்துதான் சொல்றேன்."

புதுவீட்டில் பெண் பால் காய்ச்சும்போது அடுப்பும் பால் குண்டானும் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது நான்தான். அதைத்தான் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் என்னை நானே நியாயப்படுத்திக்கொள்ளப் பள்ளியிலிருந்து உலக உருண்டையை எடுத்துவந்தேன். அதன் தாங்கி வளைந்துபோய், அச்சு நாற்பது டிகிரி சாய்ந்திருந்தது. உண்மைப் பூமியும் அப்படிச் சாய்ந்தால் எங்கள் ஊர்க் கத்திரி வெயில் என்ன ஆகும் என்று ஒரு கணம் பயமாக இருந்தது. தாங்கியைத் தட்டி இருபத்து மூன்றரைக்குக் கொண்டுவந்து, டேபிள் லைட்டைச் சூரியனாக்கி, உருண்டையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்தேன். வைகாசி இருக்கவேண்டிய இடத்தில் வடமுனை விளக்கின் பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம், கார்த்திகையில், விலகி இருந்தது. மேசையைப் பாதி சுற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் எளிது. பூமி நிமிர்ந்து சுற்றவில்லை. சாய்ந்த தலையோடு சூரியனைச் சுற்றுகிறது. அதனால் வைகாசி, ஆனியில் சூரியன் வடகிழக்கே எழும். கார்த்திகை, மார்கழியில் தென்கிழக்கே எழும். நடுவில் போய்வருகையில் வருடத்துக்கு இரண்டே நாட்கள், புரட்டாசி முதல் வாரத்தில் ஒன்றும் பங்குனி முதல் வாரத்தில் ஒன்றும், நேர் கிழக்கைத் தொடும். பகலும் இரவும் சரிசமமாக இருக்கும் நாட்கள் அவை. காலண்டரை எடுத்து வாஸ்து நாட்களோடு பொருத்திப் பார்த்தேன். பங்குனியிலும் புரட்டாசியிலும் வாஸ்து புருஷன் விழிப்பதே இல்லை. ஆக, சூரியன் சரியாகக் கிழக்கில் எழும் இரண்டு நாட்களிலும் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு தொடங்குவதில்லை.

மோட்டார் ரூம் தவிர.

தங்கை வீடு கோணல்தான். அதற்குக் கொஞ்சமும் குறையாமல் எதிர்ப்பக்கம் என் வீடு கோணல். என் கோணல் ஒன்றரை வருடம் மூத்தது. ஒவ்வொரு வருடமும் தேர்வுத்தாளில் 'சூரியன் தினமும் நேர் கிழக்கில் உதிக்கிறது, சரியா தவறா?' என்று கேட்பேன். 'சரி' என்று எழுதியவர்களுக்கு முட்டை போடுவேன். நானே செங்கலிலும் சிமெண்டிலும் 'சரி' என்று எழுதிவைத்து அதில் குடியிருந்துகொண்டிருக்கிறேன்.

மனைவியிடம் சொன்னேன். மேசையைச் சுற்றிவந்தும் காட்டினேன். "புரியுது. போய் அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

"நீயே பக்குவமா எடுத்துச் சொல்லேன்."

"நானா கோணல்னேன்?"

சொல்லியிருக்கலாம். வேலையைப் பார்க்க அவள் வரும்போது கொல்லையைத் தாண்டினால் போதும். நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, தவறு செய்யாதவனாக எப்படித் தவறை ஒப்புக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பூமிக்கு மூன்றாவதாகவும் ஓர் அசைவு உண்டு. வேகம் குறைந்த பம்பரம் தலையை ஆட்டுவதுபோல் அதன் அச்சு மிக மெல்ல வட்டமடிக்கிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களைப் பார்த்து மாதம் எண்ணுவதால், பல நூற்றாண்டுகளுக்கு முன் சித்திரை முதல் தேதியை ஒட்டியிருந்த சமபகல் நாள் நகர்ந்து நகர்ந்து பங்குனிக்குள் போய்விட்டது. ஆகவே குற்றம் என்னுடையதல்ல, பம்பரத்துடையது என்று தங்கையிடம் வாதாடலாம் எனத் தீர்மானித்து மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன். "நம்ம வீடு போட்டது கார்த்திகையில. அதுல பம்பரம் எங்க வருது?" என்றாள். வரவில்லைதான்.

இப்படிப் பத்து மாதம் போயிற்று. தங்கை வீடு எழும்பியது. வாரம் இரண்டு நாள் வந்து வேலையை மேற்பார்த்தாள். என்னோடு பேசவில்லை. முன்வாசல்கள் விலகிப் போனதால், வேறு வழியில்லாமல் பின்வாசல்கள் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. அங்கே என் மனைவியும் தங்கையும் முருங்கைக்கீரையும் குழம்பும் பரிமாறிக்கொண்டார்கள். முன்பக்கம் பகை, பின்பக்கம் உறவு. நான் எப்போதும் முன்பக்கம் உட்கார்ந்திருப்பேன். மயிலம் போகும் பேருந்தில் எனக்குப் பின் இருக்கையில் ஒருவர் இன்னொருவரிடம் எங்கள் வீடுகளைக் காட்டியது என் காதில் விழுந்தது. "அண்ணன் தங்கச்சியாம். பாரேன், மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்கிறது பத்தாதுன்னு வீட்டையே திருப்பிக் கட்டிக்கினாங்க." வெள்ளைக்காரர்கள் வந்து வீடு கட்டிக் குடியிருக்கும் குயிலாப்பாளையத்திலிருந்து டைல்ஸ் ஒட்ட வந்தவர் மட்டும் இரண்டு வீட்டையும் வெகுநேரம் பார்த்துவிட்டு மரியாதையோடு, "எங்க பக்கம் இந்த மாதிரி கட்டணும்னா வெள்ளைக்காரங்க ஆறு மாசம் மீட்டிங் போடுவாங்க சார்" என்றார். மேஸ்திரி அன்றிலிருந்து நிமிர்ந்து நடந்தார்.

பங்குனி ஆறாம் தேதி சாயங்காலம் மனைவி பின்வாசலிலிருந்து சேதியோடு வந்தாள். சித்திரையில் பால் காய்ச்சுகிறார்களாம். தங்கையின் மாமியார், விழுப்புரத்திலிருக்கும் எங்கள் பெரியப்பா மகனையே குண்டான் கொண்டுவரச் சொல்லிவிடலாம் என்கிறாராம். தங்கை வேண்டாம் என்று சொல்லவில்லையாம். பெரியப்பா மகனை எனக்குத் தெரியும். எவர்சில்வர் குண்டான் வாங்குகிற ஆள் அல்ல. அலுமினியம்தான் வாங்குவார். அதைவிட, அவரும் சரி என்று சொல்லியிருப்பார் என்பதுதான் வலித்தது. மேஸ்திரிக்குப் போன் போட்டு, விடிவதற்குள் நூலோடு வரச் சொன்னேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் மோட்டார் ரூம் வாசலில் நின்றேன். தரை பாலிஷ் வேலைக்காகத் தங்கை முந்தின நாளே வந்து புதுவீட்டில் தங்கியிருந்தாள். மோட்டார் போட வந்தவள் என்னைக் கண்டதும் நாலடி தள்ளி நின்றுவிட்டாள்.

"மேஸ்திரி, அவரை நகரச் சொல்லுங்க. தண்ணி ஏத்தணும்."

"சார், நகரணுமாம்."

"அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க. சூரியன் வரட்டும்."

"யம்மா, சூரியன் வரணுமாம்."

"அவரு பர்மிஷன் குடுத்தாத்தான் வருமாமா?"

மேஸ்திரி நூல்கண்டைத் தரையில் வைத்தார். "அத்த நீயே கேட்டுக்கோம்மா. நாலடிக்கு நடுவுல ஒரு ஆளா? ஜல்தியா முடிங்க, எனக்கு ஒலக்கூர்ல சென்ட்ரிங் வேலை இருக்குது."

சூரியன் வந்தது. செல்போன் கோபுரத்திலும் வரவில்லை, புகைபோக்கியிலும் வரவில்லை. கோடியில் நின்ற பனைமரத்தின் தண்டுக்குப் பின்னால் சிவப்பாகக் கசிந்து, மெல்ல மேலேறியது. மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. வெளிச்சம் வாசற்படியைத் தாண்டி நேரே உள்ளே ஓடி, பின்சுவரின் நட்டநடுவில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டிமேல் விழுந்தது. எலிப்புழுக்கை, பழைய வால்வு, கிரீஸ் டப்பா எல்லாம் கர்ப்பகிரகத்துப் பொருட்கள்போல் பொன்னாக மின்னின. என் வீட்டு வாசலில் வெயில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. அவள் வீட்டிலும் அப்படியே, எதிர்ப்பக்கமாக.

"பாத்தியா? எது கோணல்னு தெரியுதா?" என்று தொடங்கினேன். வகுப்பறைப் பழக்கம்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். பத்து மாதத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"என்னுது" என்றேன். "என் வீடு கோணல். உன்னுதுக்கு முன்னாடியே கோணல். கார்த்திகைச் சூரியனைப் பாத்துக் கட்டினது அது, வைகாசிச் சூரியனைப் பாத்துக் கட்டினது உன்னுது. இந்த மூணுல நேரா நிக்கிறது இது ஒண்ணுதான்."

அவள் மோட்டார் ரூமுக்குள் பார்த்தாள். பனைமரத்தைப் பார்த்தாள். என் வீட்டைக் கொஞ்சம் திருப்தியோடு பார்த்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். "நீ பூசை போட்ட அன்னிக்குச் சாயந்தரம்" என்றேன்.

"பத்து மாசம்."

"ஆமா."

"பத்து மாசமா எங்க வீட்டுல என்ன உடைஞ்சாலும், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், 'உங்கண்ணன் வாத்தியாரு, அவரே கோணல்னு சொன்னாரு'ன்னு எங்க மாமியார் சொல்லிக்கினே இருக்காங்க. நீ உன் கௌரவத்தை அடைகாத்துக்கினு இங்க உக்காந்திருந்திருக்க."

எனக்கு அது தெரியாது. அவள் கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அங்கே தினம் பேச்சு வாங்குகிறாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "அப்போ சார், மோட்டார் ரூம் கோணல்னு என்னிய நாலு பேர் எதிர்ல திட்டினீங்களே. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

"தப்புதான் மேஸ்திரி. மன்னிச்சிடுங்க."

"வூட்டு அம்மாவும் திட்டினாங்க."

"அவங்களுக்கும் சேத்துதான் கேக்கறேன்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டாள். "மேஸ்திரிகிட்ட கேட்டாச்சு. எனக்கு?"

"உன்கிட்டயும்தான்."

"என்கிட்ட வேணாம். பால் காய்ச்சற அன்னிக்கு எங்க மாமியார் எதிர்ல, எல்லார் எதிர்லயும் சொல்லு, உன் வீடுதான் மொதல் கோணல்னு. சொல்றதா இருந்தா குண்டான் எடுத்துக்கினு வா. இல்லன்னா பெரியப்பா மகனே வரட்டும்." என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் மோட்டாரைப் போட்டாள்.

சித்திரையில் ஒரு நல்ல நாளில் எவர்சில்வர் குண்டானும் அடுப்புமாகப் போனேன். மாமியார் வீட்டார் இந்தத் தடவை முப்பது பேர். தங்கை வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள். குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொன்னேன். இருபது வருடம் பாடம் நடத்தியவன் தன் வீட்டைக் கோணலாகக் கட்டிக்கொண்டு, தங்கை வீட்டைக் கோணல் என்று சொன்ன கதையை, பூமியின் சாய்வு உட்பட முழுசாகச் சொன்னேன். உருண்டை இல்லாததால் குண்டானையே சாய்த்துக் காட்டினேன்.

மாமியார் பொறுமையாகக் கேட்டார். "அப்போ நெஜமான கிழக்கு பாத்தது எதுதாம்பா?"

"மோட்டார் ரூம்தாம்மா."

"அப்போ பால அங்கதான் காய்ச்சணும்" என்றார்.

யாரும் எதிர்க்கவில்லை. ஐயர்கூட ஆறடிக்கு ஆறடியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் மனைவி ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கினாள். கிரீஸ் டப்பாவை நகர்த்திக் கோலம் போட்டார்கள். உள்ளே தங்கை, அவள் கணவர், ஐயர், அடுப்பு. வாசலில் மாமியாரும் நானும் மேஸ்திரியும். வெளியே முப்பது பேர் எட்டிப் பார்த்தார்கள். பால் சூடாகி, நுரைத்து, விளிம்புக்கு வந்து, பொங்கி, ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும் பக்கமாக வழிந்தது.

"எந்தப் பக்கம் பொங்கிச்சு? எந்தப் பக்கம்?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். கிழக்கிலோ வடக்கிலோ வழிந்தால்தான் நல்லது. மாமியார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா, வாத்தியாரு. உனக்குத்தானே தெரியும்."

வாசல் கிழக்கு. ஸ்டார்ட்டர் பின்சுவரில் இருக்கிறது. இதற்கு உலக உருண்டை தேவையில்லை. தங்கை குண்டானுக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கிழக்கு" என்றேன்.

குலவை கிளம்பியது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் தோளுக்குப் பின்னால் மேஸ்திரி குழப்பத்தோடு, "சார், அது மேற்குதானே..." என்று ஆரம்பித்தார்.

"மேஸ்திரி," என்றாள் தங்கை, கரண்டியால் பாலைக் கிளறிக்கொண்டே, "எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க சும்மா இருங்க."